சிஸ்டத்துக்குப் போட்ட நாற்காலி

லாரி புக்கிங் ஆபீசில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். அந்தத் தொழிலில் சரக்கு தாமதமானால் காரணம் டயர். டயர் நன்றாக இருந்தால் மழை. மழையும் இல்லாவிட்டால் செக்போஸ்ட். எதுவுமே ஒத்துவராத அபூர்வமான நாட்களில் டிரைவரின் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவோம். என் வாயால் சீக்கில் விழுந்து, என் வாயாலேயே பிழைத்து எழுந்த மாமியார்கள் நாமக்கல் ஜில்லா முழுக்க இருக்கிறார்கள். புக்கிங் ஆபீஸ் தப்பு செய்துவிட்டது என்று மட்டும் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிப் பழகிய காதில், ஒரு வேன் கம்பெனிக்கு வேலை மாறிய பிறகு, ஒரு நாள் இது விழுந்தது:

“உங்களைச் சுத்தவிட்டது நான்தாங்க.”

எதிர் மேஜையில் இருந்தவர் போனில் ஒரு பாசஞ்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் குழைவில்லை, நடுக்கமும் இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வது போலச் சொன்னார்.

அவரை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் மேடமாகவே இருக்கட்டும். சேலத்தில் ஒரு காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நாற்பதைத் தாண்டியவர். காட்டன் சேலை, பொட்டு வைக்காத நெற்றி, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. தினமும் ஸ்கூட்டரில் ஆட்டையாம்பட்டிக்கு வருவார். எங்கள் ஆபீஸ் அங்கே ஒரு முறுக்குக் கடைக்கு மேலே இருந்தது. எண்ணெய் காய்கிற வாசனையைப் பிடித்தே நாங்கள் நேரம் சொல்லிவிடுவோம்.

முதலாளி திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஓட்டி, பூமிக்குள் குழாய் இறக்கிச் சம்பாதித்தவர். பூமிக்கு மேலேயும் ஏதாவது ஓட்டிப் பார்ப்போம் என்று அவருக்கு ஆசை வந்தது. போன் போட்டால் வேன் வரும். ஆனால் உங்களுக்காக மட்டும் வராது. போகிற வழியில் இன்னும் நாலு பேரை ஏற்றும், இரண்டு பேரை இறக்கும். பஸ்ஸும் இல்லை, டாக்ஸியும் இல்லை, இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. போனை எடுத்துப் பேசி டிரைவர்களை மேய்ப்பது என் வேலை. எந்த வேன் யாரை எப்போது ஏற்றுவது என்று முடிவு செய்கிற புரோக்ராமை எழுதுவது மேடத்தின் வேலை.

அந்தப் புரோக்ராம் என்ன செய்கிறது என்று அவர் எனக்கு டீ கிளாஸ்களை வைத்து விளக்கியிருக்கிறார். புதிதாக ஒருவர் போன் செய்கிறார். ஓடிக்கொண்டிருக்கிற வேன்களில் எதில், யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் அவரைச் சொருகுவது? சொருகுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நஷ்டம் உண்டு. டீசல் கொஞ்சம், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நேரம் கொஞ்சம், ரோட்டில் நிற்பவரின் நேரம் கொஞ்சம். எல்லாவற்றையும் கூட்டி, எது குறைச்சலோ அந்த இடம். அதோடும் விடாது. போட்ட திட்டத்திலிருந்து சிலரைப் பிய்த்தெடுத்து, வேறு வேறு வேனில் திரும்பச் சொருகிப் பார்க்கும். நஷ்டம் இன்னும் குறைந்தால் அதுதான் புதுத் திட்டம். அடுத்த போன் வருகிறவரை இதே பிழைப்பு.

“அப்ப இருக்கறதுலயே நல்ல வழி இதுதானுங்களா மேடம்?”

“இல்லைங்க. கெடைச்ச நேரத்துக்குள்ள கெடைச்ச நல்ல வழி. எல்லா வழியையும் பாத்து முடிக்கிறதுக்குள்ள பாசஞ்சருக்கு நரைச்சுப் போயிடும்.”

“ரோட்டுல நிக்கிற நேரம் பெருசா, வண்டில உக்காந்திருக்கிற நேரம் பெருசான்னு அதுக்கு எப்பிடித் தெரியுது?”

“தெரியாது. யாராவது ஒருத்தர் சொல்லணும். நான் சொல்லியிருக்கேன்,” என்று ஒரு கிளாசை இடம் மாற்றி வைத்தார்.

அந்தக் கடைசி வரியை நான் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. நான் வேறொரு சந்தோஷத்தில் இருந்தேன். எனக்கு ஒரு புது டயர் கிடைத்திருந்தது. அதன் பெயர் சிஸ்டம்.

சந்தைக்குக் கிளம்பிய ஒரு அம்மாவை எங்கள் வேன் அவர் வீட்டு வாசல் வழியாகவே திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த அம்மா போனில் பொரிந்தார். “ஏனப்பா, எங்கூட்டுக் கோழியே என்னையப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது!” நான் இனிக்க இனிக்கச் சொன்னேன்: “சிஸ்டம் அப்பிடிக் காட்டுதுங்கம்மா. நாங்க என்னங்க பண்றது?”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “யாருங்க அது?”

“ஒரு அம்மாங்க, சந்தைக்கு...”

“அவங்க இல்லை. சிஸ்டம்னு ஒருத்தரைச் சொன்னீங்களே. எங்க உக்காந்திருக்கார்?” மேஜைக்கு அடியில் நிஜமாகவே குனிந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு சொன்னதுதான் மேலே எழுதிய வரி.

அப்புறம் அந்த அம்மா கேட்டார்: “சாப்பிட்டியா கண்ணு?”

மறுநாள் மேடம் வரும்போது ஸ்கூட்டரில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் ஓரம் போட்டார். “சிஸ்டம் வந்தா உக்காரட்டும். பாவம், எல்லாத் திட்டையும் நின்னுக்கிட்டே வாங்குறார்.” அதன் பிறகு எங்கள் ஆபீசில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் மற்றவர்கள் திரும்பி நாற்காலியைப் பார்ப்பார்கள். சொன்னவருக்கு அதுவே போதும். ஆயுத பூஜைக்கு நான் அந்த நாற்காலிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை ஒரு பொட்டலம் படைத்தேன். மேடம் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கும்போது மட்டும் அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். தப்பை ஒத்துக்கொள்ளும்போது எதையும் பொத்தமாட்டார்.

நான் லேசுப்பட்டவனா? கோபமான போன் எதுவாக இருந்தாலும் அவர் பக்கம் தள்ள ஆரம்பித்தேன். அவர் எங்கள் தீயணைப்பு நிலையம். ‘நான்தாங்க’ என்று ஒரு வாளி ஊற்றுவார், நெருப்பு அணையும், நான் கைதட்டுவேன்.

எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. மூத்த டிரைவர் ஒருவர் என்னை மாடிப்படியில் நிறுத்தி, “அந்தம்மா இப்பிடி ஒத்துக்கிட்டே போனா, நாளைக்கு நாம பண்றதையும் ஒத்துக்கச் சொல்லுவாங்க, பாத்துக்கங்கண்ணா,” என்றார். முதலாளி நேரிலேயே வந்து சொன்னார்:

“ரிக்குல தண்ணி வரலீன்னா பூமி மேல பழியப் போடோணுங்க மேடம். தொழிலுன்னா அதுதானுங்க.”

“பூமி நான் எழுதினது இல்லைங்க சார். இது நான் எழுதினது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சங்கடம் வந்தால் நான் மின்விசிறியைத்தான் பார்ப்பேன். அந்த ஆபீசில் இருந்த காலத்தில் என் கழுத்துக்கு நல்ல பயிற்சி.

ஒரு முறை கிண்டலாகவே கேட்டேன். “உங்க கோயில்ல ஒரு கூண்டுக்குள்ள ஒருத்தர் காதுல மட்டும் சொல்ற பாவத்தை, இங்க ஸ்பீக்கர் போட்டுச் சொல்றீங்களே மேடம்?”

“அங்க சொன்னா மன்னிச்சிருவாங்க. இங்கன்னா திட்டுவாங்க. எனக்கு இதுதான் கொஞ்சம் திருப்தியா இருக்கு.”

சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது அத்தனை சிரிப்பான பதிலாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் பக்கத்தில் இருப்பது சில நாட்களில் எரிச்சலாக இருக்கும். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்ட இடத்தில் நாம் மட்டும் செருப்போடு நிற்கிற மாதிரி. ‘கழட்டுங்க’ என்று அவர் சொன்னதே கிடையாது. அதுதான் பெரிய தொந்தரவு.

தை மாதத்தில் ஒரு பெரிய முகூர்த்த நாள். வேன் எல்லாம் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. பையன் வீட்டார் ஒரு கூட்டம், திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் வீட்டுக்கு நிச்சயத்துக்குப் போக எங்கள் வேனில் ஏறியிருந்தார்கள். பையன், பையனின் அம்மா, தட்டுகளோடு சில உறவுக்காரர்கள். ராகு காலம் வருவதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள். வண்டியில் இன்னும் சில சீட் காலி. அதே வழியில் ஒரு பிரிவு ரோட்டில் இன்னொருவர் போன் செய்திருந்தார். புரோக்ராம் பார்த்தது. ஒரே வழி, சுற்றலே இல்லை, நஷ்டம் சொற்பம். இத்தனை அழகாக ஒரு ஆளைச் சொருகும் வாய்ப்பு வருஷத்தில் சில தடவைதான் வரும். சொருகிவிட்டது.

ஏறியவர் கையில் ரோஜா மாலை ஒன்று, ஜவுளிக்கடைப் பை ஒன்று. பைக்குள் புதுச் சேலை. பையனின் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நடந்ததை டிரைவர் பின்னால் எனக்கு நடித்தே காட்டினார்.

“வாங்க, வாங்க! எங்களுக்கும் நிச்சயந்தானுங்க. உங்களுக்கு எந்தூருப் பொண்ணுங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அக்காவுக்குங்க.”

“அக்கா பொண்ணுக்குங்களா? அப்ப தாய்மாமன் சீரு! அதானே பாத்தேன், சேலை கனமா இருக்குது.”

“இல்லீங்க. அக்காவுக்கேதானுங்க. விடியக்காலம் தவறிட்டாங்க.”

டிரைவர் பிரேக் போட்டதாகச் சொன்னார். அவர் போடாவிட்டாலும் வண்டி தானாக நின்றிருக்கும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது வந்து உடம்பின் மேல் விழாமல் எடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்தவன் வருகிறவரை எல்லாரும் நிற்பார்கள். அந்தக் கோடிதான் அந்தப் பையில் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சீட்டில், வெற்றிலை பாக்கும் கை முறுக்கும் நிறைந்த நிச்சயத் தட்டு.

ஆபீசில் போன் வந்தபோது ஸ்பீக்கரைப் போட்டது நான்தான். பையனின் அம்மா பேசியதில் பாதியை எழுத முடியாது. மீதி இது: “எளவையும் விசேஷத்தையும் ஒரே வண்டில ஏத்தற கம்பெனி எங்காச்சும் உண்டாடா?”

எனக்குப் பயம் வந்தால் முதலில் வேலை நிறுத்தம் செய்வது முழங்கால். அடுத்தது வாய், ஆனால் அது நிற்காது, தறிகெட்டு ஓடும். “டவர் இல்லீங்க” என்றேன். லேண்ட்லைனில். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் சரிந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது சிவப்பு நாற்காலி.

மேடம் போனை வாங்கினார். “சேத்து ஏத்தினது நான்தாங்கம்மா.”

“நீ யாரு?”

“புரோக்ராம் எழுதினவங்க.”

“உன்னைய எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்க வெச்சாங்க? உங்கூட்ல நல்லது கெட்டதே நடக்காதா?”

“நடக்குங்கம்மா. யோசிக்காம எழுதிட்டேன்.”

இதற்குள் திரையில் புரோக்ராம் புதுத் திட்டம் போட்டுவிட்டது. இரண்டு தரப்பில் ஒரு தரப்பை இறக்கியாக வேண்டும். நிச்சயக்காரர்கள் ஒரு கூட்டம், கோடி கொண்டுபோகிறவர் ஒற்றை ஆள். கூட்டத்தின் நேரம் பெரிது. ஆகவே அவரை அங்கேயே இறக்கிவிடு, அடுத்த வேன் சாவகாசமாக வந்து ஏற்றிக்கொள்ளும். நான் உயிர் வந்தவனாக, “பாத்தீங்களா, வழி சொல்லிருச்சு!” என்றேன்.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கணக்கு சரியாத்தான் இருக்கு. ஒரு ஆள் காத்திருந்தா ஒரு ஆள்னு எண்ணச் சொல்லியிருக்கேன். இவருக்குப் பின்னால ஒரு ஊரே காத்திருக்கு. அதை நான் இதுக்குச் சொல்லவே இல்லை.” எழுந்து என் ஹெல்மெட்டை எடுத்து என் மடியில் வைத்தார். “கெளம்புங்க.”

முழங்கால் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் படியிறங்கிவிட்டார். அவர் ஸ்கூட்டரில் முன்னால், நான் பைக்கில் பின்னால். பாதி வழியில் எங்காவது வலது கைப் பக்கம் திரும்பி வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பயந்தவனுக்கு எல்லாத் திருப்பமும் கண்ணுக்குத் தெரியும்.

வேன் ரோட்டோரம் நின்றிருந்தது. அதிலிருந்து வெகுதூரம் தள்ளி, மாலையோடு ஏறியவர் நின்றார். யாரும் இறக்கிவிடவில்லை, தானாகவே இறங்கிவிட்டார். மாலையைத் துண்டால் மூடி, நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் தன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று முதுகைக் காட்டி, குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்து நின்றிருந்தார். ஐம்பது வயசு மனிதர், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி.

அவர் இறங்கியும் வேன் கிளம்பவில்லை. பையனின் அம்மா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, எதிரே நல்ல சகுனம் வந்தால்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று ரோட்டை மறித்து நின்றிருந்தார். நான் சிரித்த முகத்தோடு போய் என் வாயை அவிழ்த்துவிட்டேன்.

“ஏனுங்கக்கா, எளவு எதிர்ல வந்தா நல்ல சகுனம்னுதானுங்களே பெரியவங்க சொல்லுவாங்க?”

“எதிர்ல வந்தா நல்லதுதாண்டா. பக்கத்துல உக்காந்துக்கிட்டு வந்தா?”

எனக்கு அதற்கு மேல் சாஸ்திரம் தெரியாது. அந்த அம்மா மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். “நீதான் போன்ல பேசுனியா? நெத்தி வெறுசா இருக்குதே. நீயும் அந்தப் பக்கம் திரும்பி நில்லு அம்மிணி.”

வேனுக்குள் பையன், “அம்மா, போதும்மா,” என்றான், ஜன்னலுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு. மேடம் நடந்துபோய் அந்த மனிதர் பக்கத்தில், அவரைப் போலவே முதுகைக் காட்டி நின்றார். காட்டைப் பார்த்து இரண்டு முதுகுகள். நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஹெல்மெட்டோடு நான்.

கடைசியில் எதிரே மொபெட்டில் பால் கேனோடு ஒரு பெண் வந்தார். பால்! வேன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு பறந்தது.

மேடம் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: “உங்களை நடுரோட்டுல நிக்க வெச்சது நான்தாங்க.”

“ஐயோ, நீங்க என்னங்க பண்ணுவீங்க? எதுக்குப் போறேன்னு ஏறும்போதே நாந்தானுங்க சொல்லியிருக்கோணும்.”

“நாங்க கேக்கலையே. கேட்டிருக்கணும்.”

“கேக்காட்டியும் சொல்றவன்தானுங்களே மனுசன். மாலையை வேற பளிச்சுனு கையில புடிச்சுட்டு ஏறுனேன். தப்பு என்னுதுங்க.”

“இல்லைங்க...”

ஏலக் கடையில்கூட நான் இப்படி ஒரு போட்டியைப் பார்த்ததில்லை. கேட்பாரற்றுக் கிடந்த ஒரு தப்பை இரண்டு பேர் எனக்கு உனக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு ஈடாக ஒருவர் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நிற்பது மூன்று பேர். கையை நீட்டாதவன் நான் ஒருத்தன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்:

“சிஸ்டத்துல இதுக்கு ஒரு வசதி இல்லாமப் போச்சுங்க.”

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்க அங்கே நாற்காலி இல்லை.

மேடம் என்னிடம், “இவரை உங்க வண்டில கூட்டிட்டுப் போங்க. முகூர்த்த நாள், இன்னும் எந்த வேன்ல என்ன சேத்து வெச்சிருக்கேனோ, நான் போய்ப் பாக்கணும்,” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பினார். “ஏன் நேரமாச்சுன்னு அங்க இவரைத்தான் கேப்பாங்க. நீங்க சொல்லிருங்க.”

“என்னன்னுங்க மேடம்?”

“நடந்ததை.”

போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘எங்க தப்புத்தானுங்க.’ வேண்டாம், ‘எங்க’ என்பது வழவழப்பாக இருக்கிறது. ‘என் தப்புத்தானுங்க.’ ‘நாந்தானுங்க.’ கனமாக ஒரு தடவை, உருக்கமாக ஒரு தடவை. பின்னால் இருந்தவர், “என்னுங்க?” என்றார். “ரோடு மோசமுங்க,” என்றேன். அவர் கொஞ்சம் கழித்து, “எங்கக்கா எனக்காகக் காத்திருக்கறது புதுசில்லீங்க. நான் எப்பவும் லேட்டுத்தான்,” என்றார். அதையும் எடுத்துக்கொண்டார் பாருங்கள்.

இழவு வீட்டுக்கு முன்னால் பறைச் சத்தம் நின்றுபோயிருந்தது. வெயிலில் ஊரே நின்றிருந்தது. இறந்தவரின் கணவருக்கு அண்ணன்போல ஒரு பெரியவர், தோளில் துண்டோடு முன்னால் வந்தார். “ஏன் மாப்ள, பொறந்தவூட்டுக் கோடி இல்லாம எடுக்க முடியாதுன்னு தெரியுமில்ல? இத்தன நேரமா? இதுதான் நீ அக்காளுக்குப் பண்ற மரியாதையா?”

எல்லார் கண்ணும் அவர் மேல். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். வாயைத் திறந்தேன். ஒத்திகை பார்த்த அத்தனையும் தொண்டை வரை வந்து, ஏறலாமா வேண்டாமா என்று நின்றது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

“வண்டி பஞ்சருங்க மாமா.”

நான் பாதி ஆயுசு விற்ற சரக்கு. என்னைக் காப்பாற்ற, அக்காளைச் சாகக் கொடுத்த ஒருவர் தன் வாயால் அதை எடுத்துப் போட்டார். அதைக் கேட்டதும் என் உடம்பில் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அடுத்த வண்டியில்தான் வந்தது.

பெரியவர் முகம் இளகியது. “பஞ்சருக்கு யாரு என்ன பண்றது? போ, போய்ப் போடு.” என் பக்கம் திரும்பினார். “நீங்கதான் கொண்டாந்து உட்டீங்களா சாமி? புண்ணியமாப் போகுது. ஒரு வாய் டீ குடிங்க.” குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அது சரியாக இருந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறதே, அதுவும் ஒரு கேவலம்.

ஆபீசில் மேடம் கேட்டார்: “சொன்னீங்களா?”

“அதுக்குள்ள அவரே பஞ்சர்னு சொல்லிட்டாருங்க.”

‘அதுக்குள்ள’ என்ற வார்த்தையை அவர் கவனித்தார். மறுநாள் காலையில் நேராக அந்த ஊருக்குப் போய்விட்டார். “முடிஞ்சு போனது மேடம், எதுக்குங்க?” என்று போனில் தடுத்துப் பார்த்தேன். “நான் பண்ணினதுக்கு அவர் பொய் சொல்லியிருக்கார். அது அவர் மேல நிக்கக் கூடாது,” என்றார்.

திரும்பி வந்தவர் நேராகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே நடந்தது அந்த ஊர்ப் பக்கம் ஓட்டுகிற டிரைவர் மூலம்தான் தெரிந்தது. மேடம் வந்திருந்த உறவுகள் நடுவில் நின்று, பஞ்சர் இல்லை, தப்பு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் மேடத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியைத்தான் பார்த்தார். “அப்புறம் எதுக்கு மாப்ள பஞ்சர்னே? செத்தவ முன்னாடி நின்னுக்கிட்டு பொய் பேசியா கோடி போட்டே?”

“அந்தாளு தலைய நிமித்தவே இல்லீங்கண்ணா,” என்றார் டிரைவர்.

சாயங்காலம், கீழே முறுக்குக் கடையில் அடுப்பை அணைத்த பிறகு, மேடம் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: “போயிருக்கக் கூடாது. என் பாரத்தை எறக்கி வெக்க அவர் தலைதான் கெடைச்சுது எனக்கு.” அவர் தப்பை ஒத்துக்கொண்டு, அதை யாரிடமும் கொண்டுபோய்ச் சொல்ல முடியாமல் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்க ஓடிவிடாமல் இருந்ததுதான் அவர் செய்ததிலேயே கஷ்டமான காரியமாக இருந்திருக்கும்.

பிறகு புரோக்ராமில் ஒரு கேள்வி சேர்த்தார். போன் செய்கிறவரிடம் நான் கேட்க வேண்டும்: ‘போற எடத்துல உங்களுக்காக யாராவது காத்திருக்காங்களா?’ காத்திருப்பவர் கூடக் கூட அந்த ஆளுக்கு முன்னுரிமை. நல்ல யோசனைதான். ஆனால் நம் ஜனங்கள் லேசா? சினிமாவுக்குப் போகிறவன், “தியேட்டரே காத்திருக்குதுங்க,” என்றான். ஒருவர், “எங்கூட்டுக்காரி காத்திருக்கிறா, கட்டையோட,” என்றார். ஒரு நாள் ஒரு வயசானவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“யாருமில்லீங்க. நீங்க மெதுவாவே வாங்க.”

பூஜ்யம் போட்டேன். புரோக்ராம் அவரைக் கடைசிக்குத் தள்ளியது, எல்லார் வீட்டையும் சுற்றிக் காட்டியது. அவர் புகார் செய்யவில்லை. மறுபடி மறுபடி அதே பதிலைச் சொன்னார். ஒரு நாள் மேடம் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டார். “யாரும் இல்லாதவங்களை இன்னும் யாரும் இல்லாதவங்களா ஆக்கறேன்,” என்றார். அந்தக் கேள்வியை அன்றே எடுத்துவிட்டார். விசேஷமும் துக்கமும் ஒரே வேனில் சேராமல் இருக்க மட்டும் ஒரு வழி செய்தார்.

அடுத்த வருஷம் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவைத்துவிட்டுப் போனார். சொல்லியிருந்தால் அதை வைத்து ஒரு ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

இப்போது எங்கள் போனை முதலில் எடுப்பது ஒரு பதிவுக் குரல். வண்டி தாமதமானால் அதுவாகவே மன்னிப்புக் கேட்டுவிடும். ‘வணக்கமுங்க. உங்களைக் காக்க வெச்சது எங்க தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கங்க.’ நம்ம ஊர்ப் பேச்சில் இருந்தால் ஜனங்கள் கோபப்பட மாட்டார்கள் என்று முதலாளி கண்டுபிடித்தார். பேச யாரைப் பிடிக்கலாம் என்று தேடி, கடைசியில் என்னைப் பிடித்தார். அந்தக் குரல் என்னுடையது. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் வராத சொல்லை, இன்றைக்கு நான் காபி குடிக்கும்போதும் தூங்கும்போதும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பழைய நாற்காலியின் கால் முறிந்துவிட்டதால் ஜன்னலோரச் சிவப்பு நாற்காலியில்தான் இப்போது உட்கார்கிறேன்.

போன வாரம் ஒரு போன். பதிவுக் குரல் பேசி முடித்ததும் என்னிடம் வந்தது.

“ஏனுங்க, மொதல்ல ஒருத்தரு மன்னிப்புக் கேட்டாருங்களே. கேட்ட குரலாட்டம் இருக்குதுங்க. எங்கக்கா செத்தன்னிக்கு என்னைய பைக்குல கொண்டுபோயி உட்டாரே, அவருங்களா?”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குத்தானே அத்தனை வருஷ ஒத்திகை. வாயைத் திறந்தேன்.

“இல்லீங்க. அது சிஸ்டமுங்க.”

“ஓ,” என்றார். “பரவால்லீங்க. அவருகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க.”

“சொல்றேனுங்க,” என்றேன்.